பகல் வெளிச்சம் யாருடையது?

சந்திரசேகர வேங்கட இராமனைப் பற்றிப் பேசும்பொழுதெல்லாம் பள்ளி மேடைகளில் ஒரு கதை தவறாமல் சொல்லப்படுகின்றது. உலகம் வியந்த தமது கண்டுபிடிப்பை அவர் இருநூறு ரூபாய்க்கு மேற்படாத கருவிகளைக் கொண்டே செய்து முடித்தார் என்பது அக்கதை. சொல்பவர் அத்துடன் நிறுத்துவதில்லை. “ஆகவே பிள்ளைகளே, வசதியில்லை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்” என்று முடிப்பார். ஆய்வுகூடமே கண்டிராத ஒரு தோட்டப் பாடசாலையில் இந்த வாக்கியத்தைக் கேட்கும் மாணவன் என்ன நினைப்பான்? தனக்கு ஆய்வுகூடம் இல்லாதது குறையே அல்ல, தன்னிடம் மேதைமை இல்லாததே குறை என்றல்லவா எண்ணுவான்? ஆகவே இந்தக் கதையைச் சற்று நின்று ஆராய வேண்டியிருக்கின்றது.

முதலில் அந்த இருநூறு ரூபாயையே எடுத்துக்கொள்வோம். இராமனின் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது 1928இல். அதற்கு அடுத்த ஆண்டு இலங்கைத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலி விகிதத்தின்படி, மலைநாட்டில் ஓர் ஆண் தொழிலாளியின் நாட்சம்பளம் 54 சதம். பெண்ணுக்கு 43 சதம். தலவாக்கலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த ஒரு தாய், ஒரு சதமும் செலவழியாமல் சேர்த்தால், இருநூறு ரூபாய் சேர 466 நாள் வேலை செய்ய வேண்டும். ‘வெறும்’ இருநூறு ரூபாய் என்பவர் யாருடைய கண்கொண்டு அத்தொகையைப் பார்க்கிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இனிக் கண்டுபிடிப்பைப் பார்ப்போம். ஒரே நிறமுள்ள ஒளியைத் தெளிந்த திரவம் ஒன்றினுள் செலுத்தினால், அதன் ஒரு சிறு பகுதி திரவத்தின் மூலக்கூறுகளில் மோதி நாலா பக்கமும் சிதறும். சிதறிய ஒளி ஏறக்குறைய முழுவதும் தன் நிறம் மாறாமலே வெளிவருகின்றது. ஆனால் அதில் கோடியில் ஒரு பங்கு என்று சொல்லத்தக்க மிகச் சிறிய அளவு, நிறம் மாறி வருகின்றது. மூலக்கூறு ஓயாது அதிர்ந்துகொண்டிருப்பது. அந்த அதிர்வுக்கு ஒளி தன் ஆற்றலில் ஒரு கூறைக் கொடுத்துவிட்டோ, அதனிடமிருந்து ஒரு கூறைப் பெற்றுக்கொண்டோ வெளியேறுகின்றது. கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்பது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தனி. எனவே நிறம் மாறிய ஒளியை அரியத்தால் பிரித்துப் பார்த்தால், திரவத்தைத் தொடாமலே அதன் உட்கட்டமைப்பை வாசித்துவிடலாம். இதுவே இராமன் விளைவு. இன்று குறைகடத்திகளையும் மூலக்கூற்றுத் திரவங்களையும் லேசர் ஒளியால் ஆராயும் பெருந்துறை ஒன்றின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

அந்த வேர் எந்த மண்ணில் பிடித்தது? கல்கத்தாவில் 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அந்நிய ஆட்சியாளரின் தயவை நம்பாமல் இந்தியர் தாமே விஞ்ஞானம் வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பலரிடம் நன்கொடை திரட்டிக் கட்டடமும் கருவிகளும் தேடிவைத்தார். ஆராய்ச்சிக்கே வாழ்வை ஒப்படைப்பவர் வரவில்லையே என்ற ஏக்கத்துடன் 1904இல் மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1907இல், நிதித் துறை உத்தியோகத்தராகக் கல்கத்தாவுக்கு வந்த இளைஞர் ஒருவர் அக்கழகத்தின் கதவைத் தட்டினார். திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த இராமனே அவர். அலுவலகம் திறக்கும் முன்பும் மூடிய பின்பும் அவர் ஆய்வு செய்தார். அவருக்குக் கதவு திறந்துவிட்டவரும், ஆண்டுக்கணக்காகக் கருவிகளைப் பொருத்திக் கொடுத்தவரும் அசுதோஷ் டே என்னும் உதவியாளர். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி கிடைத்த பின்னரே இராமனுக்குப் பகற்பொழுது சொந்தமாயிற்று.

பகற்பொழுது என்பதை இங்கு அணியாகச் சொல்லவில்லை. அன்று அந்த ஆய்வுக்கு வேண்டிய ஒளி சூரியனுடையது. தொலைநோக்கியின் பெரிய வில்லையால் வெயிலை ஒருமுகப்படுத்தித் திரவத்தினுள் செலுத்தினர். வெயில் இல்லையேல் வேலை இல்லை.

1923இல் கே. ஆர். இராமநாதன், திரவங்களில் சிதறும் ஒளியோடு நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றும் கலந்து வருவதைக் கவனித்தார். திரவத்தில் அழுக்கு இருப்பதால் தோன்றும் ஒளிர்வு என்று முதலில் அது கருதப்பட்டது. திரவத்தைத் திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. 1928 தொடக்கத்தில் எஸ். வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் இதே ஒளியைப் பச்சை நிறத்தில் பளிச்செனக் கண்டார். அது முனைவாக்கம் பெற்றிருந்ததையும் கண்டார். சாதாரண ஒளிர்வுக்கு இத்தகைய முனைவாக்கம் இராது. புதிய உண்மையின் வாசற்படியில் அவர் நின்றார் என்று சொல்லலாம்.

ஆனால் வெங்கடேசுவரன் அலிப்பூரிலிருந்த அரசாங்கச் சோதனைச்சாலையில் ஊழியர். கழகத்திற்கு வேலை நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறை நாள்களிலுமே வர இயலும். சூரியன் காயும் வேளையில் அவர் பிறருக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அவர் ஓய்ந்து வரும் வேளையில் சூரியன் ஓய்ந்துவிடும். ஆகவே பணி, முழு நேரமும் அங்கிருந்த கே. எஸ். கிருஷ்ணனின் கைக்குச் சென்றது. இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர் கிருஷ்ணன். நுண்ணறிவும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்தவர். பெப்ரவரி மாதத்தில் திரவம் திரவமாக எடுத்து அவர் சோதித்தார். 27ஆம் தேதி மாலை நிறமாலைக் கருவியை அசுதோஷ் டே ஒழுங்கு செய்து முடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிட்டான் என்று அந்நாளின் வரலாற்றைச் சொல்வோர் கூறுவர். மறுநாள், 1928 பெப்ரவரி 28இல், சிதறிய ஒளியில் வேறொரு நிறம் தனியே நிற்பது தெளிவாயிற்று. அதே பெப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் படிகங்களில் இதே விளைவைத் தாமாகவே கண்டனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1930இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

இப்பொழுது கணக்கைச் சரியாகப் போடுவோம். இருநூறு ரூபாய் என்பது சில கருவிகளின் விலை. அக்கருவிகள் நின்ற கட்டடத்தின் விலை அதிற் சேரவில்லை. ஐம்பதாண்டு காலம் மக்கள் கொடுத்த நன்கொடை சேரவில்லை. கிருஷ்ணனுக்குக் கிடைத்த முழுப் பகற்பொழுதின் விலையும் சேரவில்லை. இராமனின் மேதைமையை இக்கணக்கு குறைப்பதில்லை. அம்மேதைமை எதன்மேல் ஊன்றி நின்றது என்பதையே காட்டுகின்றது. மேதைமைக்குச் சிறிதும் குறைவில்லாத ஒருவரை வேலை நேரம் என்ற ஒன்று எவ்வாறு வாசற்படியிலேயே நிறுத்திவிடும் என்பதற்கு வெங்கடேசுவரன் சாட்சி.

கதவு எல்லாருக்கும் ஒரே அளவில் திறந்ததுமில்லை. இராமன் பெங்களூருக்குச் சென்றபின் 1940இல் அவரது ஆய்வுகூடத்தில் சேர்ந்தவர் அன்னா மாணி. கேரளத்து மலைப்பிரதேசமான பீர்மேட்டில், ஏலத்தோட்டம் உடைய குடும்பத்தில் பிறந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்வையும் நிறமாலையையும் அவர் ஆராய்ந்தார். ஒளி மிக மங்கலானது. ஆகவே ஒரே ஒரு நிழற்படத் தகடு பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஆய்வுகூடத்திலேயே கழிந்தது. 1945இல் அவர் கொடுத்த ஆய்வேட்டுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது; முதுமாணிப் பட்டம் இல்லை என்பது காரணம். தோட்டம் உடையவரின் மகளுக்கே இந்நிலை. தோட்டத்தில் உழைப்பவரின் மகள் அந்த வாசலை எங்ஙனம் எட்டியிருப்பாள்?

இருபது மணி நேரக் காத்திருப்பை ஒழித்தது லேசர். 1960இல் அமெரிக்காவில் மைமன் முதல் லேசரை மாணிக்கக் கல்லில் எரியவிட்டார். தூய ஒரே நிறமும், மிகுந்த செறிவும், சிதறாத நேர்கோட்டுப் பாய்ச்சலும் உடைய ஒளி அது. இராமன் விளைவுக்கு என்றே படைத்தது போன்றிருந்தது. 1962இல் போர்த்தோவும் வூட்டும் மாணிக்க லேசரைக் கொண்டு பென்சீன் முதலிய திரவங்களின் இராமன் நிறமாலையைப் பதிவு செய்தனர். 1928இல் கல்கத்தாவில் வெயிலால் தேடிய அதே பொருளை ஆய்வாளர் மீண்டும் தேடினர்; விளக்கு மட்டும் மாறியது.

குறைகடத்திகளின் நிலை இன்னும் வியப்பானது. சிலிக்கன் படிகம் வைரத்தின் அமைப்பையே உடையது. ஆயினும் வைரம் ஒளியை ஊடுருவ விடும், சிலிக்கன் விடாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி அதன் மேற்பரப்பிலேயே தடுக்கப்படும். அந்த மெல்லிய தோலிலிருந்து திரும்பும் அற்ப ஒளியைப் பழைய விளக்குகளால் பிடிக்க முடியவில்லை. 1965இல் ஹீலியம்–நியோன் லேசரால் அது சாத்தியமாயிற்று. வைரத்தின் அடையாளக் கோடு சென்ரிமீற்றருக்கு 1332 அலை என்ற பெயர்ச்சியில் நிற்பது போல, சிலிக்கனின் கோடு 520இல் நிற்கின்றது. படிகத்தை இழுத்தாலோ நெருக்கினாலோ இக்கோடு இம்மி நகரும். மின்னணுச் சில்லுகளினுள் எங்கே இறுக்கம் இருக்கிறது என்பதை அந்த நகர்வைக் கொண்டே அளக்கிறார்கள்.

விஞ்ஞானம் முன்னேறியது, அதனோடு விலையும் முன்னேறியது. வெயில் இலவசம், லேசரும் அதற்கேற்ற உணர்கருவியும் இலவசமல்ல. கல்கத்தாவில் பிறந்த துறையின் தலைமை செல்வ நாடுகளின் பெரும் நிறுவனங்களுக்குச் சென்றதில் வியப்பில்லை. ஆயினும் செல்வ நாடுகளோடு அது முடிந்துவிடவுமில்லை. மேலே சொன்ன போர்த்தோ பிரேசில் நாட்டவர். 1970களில் தாயகம் திரும்பிக் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் ஒன்றை வளர்த்தார். ஏழை நாடு ஒன்றும் தன் மக்களுக்கு ஒளியைச் சொந்தமாக்கலாம். அதற்குத் திட்டமும் பணமும் வேண்டும்.

இனித் தலவாக்கலைக்கு வருவோம். 1925இல் சட்டத்தின் மூலம் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையம் இங்கே செயின்ட் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கின்றது. ஒளியைக் கொண்டு திரவத்தை ஆராய்வது நமக்கு அந்நியமான செய்தியல்ல. தேநீரும் ஒரு மூலக்கூற்றுத் திரவமே. அதன் பொன்னிறப் பிரகாசத்துக்குத் தேஃபிளாவின் என்றும், செம்மைக்குத் தியாருபிஜின் என்றும் 1950களில் ராபர்ட்ஸ் என்னும் இரசாயன அறிஞர் பெயரிட்டார். குறிப்பிட்ட நிற ஒளியைச் சாயத்தினூடே செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து அவற்றை அளப்பது தேயிலை இரசாயனத்தின் அன்றாட வேலை. இன்றோ தேயிலையில் தங்கிய பூச்சிமருந்தின் மிகச் சிறிய எச்சத்தையும் லேசர் இராமன் முறையால் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. தேநீர் அருந்துவோரின் நலனுக்கு இது நல்லது. ஆனால் அந்த மருந்தை முதுகிற் சுமந்து தெளித்தவரின் மூச்சில் எவ்வளவு தங்கிற்று என்று அளக்க யார் கருவி வாங்குவார்? கருவி எதை நோக்கித் திருப்பப்படும் என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

இங்கும் பகல் வெளிச்சத்தின் வரலாறு ஒன்றுண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பத்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு அமர்த்தலாகாது என்று விதித்தது. பிள்ளையின் பகலில் காலைச் சிறு துண்டு படிப்புக்கு, மீதி தோட்டத்துக்கு என்று பங்கு பிரித்த சட்டம் அது. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்கு வெளியே நின்றன. 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1970களில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல் வந்தது. இத்தனைக்கும் பிறகு மலையகத்திலிருந்து விஞ்ஞானப் பட்டதாரிகளும் மருத்துவர்களும் பொறியியலாளரும் வந்திருக்கிறார்கள் என்றால், அது அந்தப் பிள்ளைகளும் அவர்களின் ஆசிரியர்களும் போராடிப் பெற்ற வெற்றி. ஆயினும் உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இம்மலைகளில் இன்றும் அரிதாகவே இருக்கின்றன.

ஆசிரியர்கள் உடனே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பசுங்கொழுந்தைக் கசக்கி மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடியுங்கள். இருட்டில் அப்பச்சைச் சாற்றின்மீது ஊதா விளக்கைக் காட்டுங்கள். சாறு செந்நிறமாக ஒளிரும். இது இராமன் விளைவன்று, பச்சையத்தின் ஒளிர்வு. இராமநாதன் எந்த ஒளிர்வோடு போராடினாரோ அதன் இனத்தைச் சேர்ந்தது. விளக்கின் நிறத்தை மாற்றினாலும் ஒளிர்வின் நிறம் தன்னிடத்திலேயே நிற்கும்; இராமன் ஒளியோ விளக்கின் நிறத்தோடு கூடவே நகரும். இவ்வேறுபாட்டை ஒரு மாணவி விளங்கிக்கொண்டால், 1928இன் வாசற்படிக்கு அவள் வந்துவிட்டாள் என்று பொருள். வாசற்படியிலிருந்து உள்ளே செல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் நூலகமும் வேண்டும். அவற்றைக் கேட்பது உரிமை.

அடுத்த முறை பள்ளி மேடையில் இராமனின் கதையைச் சொல்லும்போது, அவரோடு அசுதோஷ் டேயையும் கிருஷ்ணனையும் அன்னா மாணியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெங்கடேசுவரனை மறவாமற் சொல்லுங்கள். பகலை விற்று வாழும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அவர் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியிராது. சொன்னவுடன் அவர்களுக்கே விளங்கும்.