ஈட்டிக்காரர் விருந்து

‘ஈட்டிக்காரன்’ என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் ராஜா ராணிக் கதையில் வரும் வாயில்காப்போனை நினைத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கம்பீரமான அர்த்தம் கிடையாது. தலையில் முண்டாசு, முழங்கால் வரை தொங்கும் சட்டை, தொளதொளவென்று ஒரு கால்சட்டை, கையில் ஆளுயரத் தடி. இந்தக் கோலத்தில், சம்பளத் தேதியன்று மில் வாசலிலும் ரயில்வே காலனியிலும் வந்து நிற்கும் பட்டாணியனுக்குத்தான் அந்தப் பெயர். ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்பது அவன் உலகத்தில் சகஜம். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து. அசலைத் திருப்பிக் கொடு என்று அவன் அவ்வளவாக வற்புறுத்த மாட்டான். வட்டி தவறினால்தான் தடி பேசும். தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்து 1931-ல் அறிக்கை வெளியிட்ட ராயல் கமிஷன்காரர்களால் கூட அந்தத் தடியைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இத்தனை பயந்தோமே தவிர, அந்த மனிதன் மாலையில் ஜாகைக்குத் திரும்பி என்ன சாப்பிட்டான் என்று நம்மில் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ரவீந்திரநாதர் 1892-ல் எழுதிய ‘காபூலிவாலா’ கதையில் அவனுக்கு ஒரு மகளைக் கொடுத்தார். அதனால் அவன் மனிதனானான். ஆனால் அவரும் அவனைச் சாப்பிட உட்கார வைக்கவில்லை. பையிலே திராட்சையும் பாதாமும் இருந்ததோடு சரி.

எனக்கு இந்தக் கேள்வி தோன்றிய இடம் கோடைக்கானல். சீசன் முடிந்து, ஏரிக்கரையில் குதிரைக்காரர்கள் குதிரைகளோடு சும்மா நிற்கும் நாட்கள். ஏழு ரோடு சந்திப்புக்குக் கொஞ்சம் தள்ளி நாலு மேஜை போட்ட ஒரு சிறு கடை. வாசலிலேயே கரியடுப்பு. மூடுபனி இறங்குகிற நேரத்தில் ஏழாயிரம் அடி உயரத்தில் கரி நெருப்பைக் கண்டால் பசியில்லாதவனும் நின்றுவிடுவான். பலகையில் ‘ஆப்கானிச் சிக்கன்’, ‘காபூலிப் புலாவு’, ‘சீக் கபாப்’ என்று தமிழில் எழுதியிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். கபாப் வாட்டிய பையனை, “நீ எந்த ஊரப்பா, காபூலா?” என்று கேட்டேன். “பீகார், சார்” என்றான்.

அவன் கொண்டுவந்து வைத்த ஆப்கானிச் சிக்கன் வெள்ளை வெளேரென்று இருந்தது. முந்திரிப் பருப்பு விழுது, பாலாடை, கொஞ்சம் மிளகு. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் இதைக் காபூலில் ஒருவருக்குப் பரிமாறினால் எந்த ஊர்ப் பதார்த்தம் என்று அவர் நம்மைத்தான் கேட்பார். அங்கே கபாபுக்குச் சேர்மானம் வெகு சொற்பம். உப்பு, வெங்காயச் சாறு, பூண்டு, கொஞ்சம் கொத்தமல்லி விதை. மற்ற வேலையெல்லாம் கொழுப்பினுடையது. அந்நாட்டுச் செம்மறியாட்டுக்கு வாலே ஒரு கொழுப்பு மூட்டை. பனிக்காலத்துக்காக ஆடு தன் உடம்பிலேயே சேர்த்து வைக்கிற சேமிப்பு அது. கறித்துண்டு ஒன்று, வால் கொழுப்பு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கம்பியில் கோத்து நெருப்பின் மேல் பிடிக்கிறார்கள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டுகிறது. புகை மேலே எழுந்து கறியைச் சுற்றிக்கொள்கிறது. மசாலா அந்தப் புகைதான். கொத்துக்கறியானால் கம்பி பட்டையாக இருக்கும். உருண்டைக் கம்பியில் பிடித்துவைத்தால், கம்பியைத் திருப்பும்போது கம்பி மட்டும் சுற்றும். கறி இருந்த இடத்திலேயே இருந்து ஒரு பக்கம் கருகிப் போகும். ‘சீக்’ என்ற பாரசீகச் சொல்லுக்கே அந்தக் கம்பி என்றுதான் பொருள்.

நம் வெள்ளாட்டுக்கு அந்த வால் ஏது? கொழுப்பில்லாத கறிக்கும் கோழிக்கும் வழவழப்புத் தேட வேண்டியிருந்த தில்லிச் சமையற்காரர்கள் பாலாடையையும் முந்திரியையும் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் யூகம். 1947-ல் பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து தில்லிக்கு வந்து சேர்ந்த குந்தன்லால் குஜ்ராலும் அவருடைய கூட்டாளிகளும் தரியாகஞ்சில் மோத்தி மகால் ஓட்டலைத் தொடங்கினார்கள். தந்தூரி அடுப்பை இந்தியா முழுவதும் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். வீடு வாசலை விட்டுவிட்டு வந்தவர்கள் கைப்பழக்கத்தை மட்டும் விடவில்லை. பட்டர் சிக்கனை முதலில் கண்டுபிடித்தது இவர்களில் யார் என்று அந்தக் குடும்பங்கள் தில்லி உயர்நீதிமன்றத்தில் 2024-ல் வழக்காடின. அகதியாக வந்தவர் வைத்த குழம்புக்குப் பேரன்மார் பட்டா கேட்கிறார்கள்!

கம்பியில் இறைச்சியைக் கோத்துச் சுடுவதை நாம் வடக்கத்தியாரிடம் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தால் அது சரியல்ல. பொருநராற்றுப்படையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். கரிகாலன் அரண்மனையில் விருந்துண்ட பொருநன், இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகளைச் சூடு பொறுக்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றித் தின்றதை ஒளிக்காமல் சொல்கிறான். இரவும் பகலும் தின்று, கொல்லையை உழுத கொழுவைப் போலப் பல்லே மழுங்கிவிட்டதாம். சோறு அவன் விவரணையில் பிறகுதான் வருகிறது. கம்பிக்கு அவன் காலத்துப் பெயர் ‘காழ்’. அந்தச் சொல்லையும் மறந்தோம், அந்தச் சமையலையும் மறந்தோம். பிறகு பீகார்ப் பையன் கையால் பாரசீகப் பெயரோடு அதைத் திரும்ப வாங்கிச் சாப்பிடுகிறோம். இதே பழனிமலைப் பக்கத்துக் குறுநில மன்னன்தான் மயிலுக்குக் குளிருமென்று போர்வை கொடுத்த பேகன். அவன் வீட்டுக் கரியடுப்பைப் பற்றியும் யாராவது பாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காபூல் பக்கத்து மனிதர்கள் நம் நாட்டுக்கு வந்து போனது ஈட்டிக்காரர்களுக்கு வெகு காலம் முந்தியே. மொராக்கோ யாத்ரிகர் இபன் பதூதா 1333-ல் இந்துகுஷ் மலையைத் தாண்டிக் காபூல் வழியாக வந்தவர். அங்கே ஆப்கானியர் என்ற கூட்டத்தாரைப் பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். சுமார் பத்து வருஷம் கழித்து அவரே மதுரையில், சுல்தான் கியாசுதீனின் விருந்தாளியாக இருக்கிறார். அதற்கப்புறம் வந்தவர்கள் யாத்ரிகர்களல்ல, அதிகாரிகள். பீஜப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி ஓர் ஆப்கானியர். 1673-ல் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தவர் அவர்தான். அவர் கொடுக்காமலிருந்தால் பாரதியார் எங்கே போய்த் தங்கியிருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

இவர்களில் என் மனத்துக்குப் பிடித்தவர் தாவூத்கான் பன்னி. ஔரங்கசீப்பின் தளபதி, கர்நாடகத்து நவாப், ஜாதியில் பட்டாணியர், குடியில் சமர்த்தர். 1701 ஜூலையில் அவர் பட்டாளத்தோடு சாந்தோமில் வந்து இறங்கியபோது கோட்டைக் கவர்னர் தாமஸ் பிட்டுக்கு அடிவயிறு கலங்கியது. சண்டைக்கு வந்தாரா, விருந்துக்கு வந்தாரா என்று தெரியவில்லை. பிட் புத்திசாலி, விருந்து என்றே வைத்துக்கொண்டார். கோட்டைக்குள் அழைத்துப்போய்ச் சிறிதும் பெரிதுமாக அறுநூறு பதார்த்தங்கள் பரிமாறினார்கள். நவாபும் கூட வந்தவர்களும் வெகு திருப்தியாகச் சாப்பிட்டார்கள் என்று கம்பெனிக் கணக்கப்பிள்ளைகள் குறித்து வைத்திருக்கிறார்கள். பாவம், பிட்டின் விருந்து ஏழு மாதம்தான் தாங்கியது. 1702-ல் அதே தாவூத்கான் திரும்பி வந்து சென்னையை மூன்று மாதம் முற்றுகையிட்டு, பணம் வாங்கிக்கொண்ட பிறகே நகர்ந்தார். ஆனாலும் 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தவரும் அவரேதான். நுங்கம்பாக்கத்தில் மனை வைத்திருப்பவர்கள் மூலப் பத்திரத்தைத் தேடிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பட்டாணியர் கையெழுத்தில் போய் முட்டிக்கொள்வார்கள்.

நவாபாக வந்தபோது அறுநூறு பதார்த்தம். வட்டிக்காரனாக வந்தபோது வாசற்படிக்கு வெளியே. இந்த வித்தியாசம் தடியின் நீளத்தைப் பொறுத்தது போலும்.

மறுபடி கோடைக்கானலுக்கு வருவோம். இந்த ஊரே வெளியூரார் கட்டிய ஊர். மலைக்குச் சொந்தக்காரர் என்று யாராவது உண்டென்றால் பளியர்கள். காட்டுக் கிழங்கைத் தோண்டித் தணலில் சுட்டுத் தின்றவர்கள். மதுரையின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு 1916 வாக்கில் திறக்கிற வரைக்கும் துரைசானிகளும் ரொட்டி மாவும் பெரியகுளத்துப் பக்கமிருந்து கூலிகளின் தோளில்தான் ஏறி வந்தார்கள். பின்னால் திபேத்தியர்கள் வந்தார்கள்; பகலில் கம்பளிச் சட்டையும் மாலையில் மோமோவும் விற்கிறார்கள். அந்த மோமோவுக்கு ஆப்கானிஸ்தானத்தில் ஒரு சகோதரன் உண்டு. பெயர் ‘மந்து’. உள்ளே கொத்துக்கறி, மேலே தயிர்; அதுவும் ஆவியில் வெந்த கொழுக்கட்டைதான்.

காஷ்மீரத்துச் சால்வைக் கடைகளும் இங்கே உண்டு. காஷ்மீரத்துச் சிங்கம் என்று பேரெடுத்த ஷேக் அப்துல்லாவே 1965-ல் கைதாகி, முதலில் உதகையிலும் பிறகு கோடைக்கானலில் ‘கோஹினூர்’ என்ற பங்களாவிலும் காவலில் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1819 வரைக்கும் அவருடைய காஷ்மீரத்தைக் காபூல்தான் ஆண்டது. காஷ்மீரத்துக் கல்யாண விருந்தில் இன்றைக்கும் கம்பியில் சுட்ட கபாப் தவறாமல் இடம் பெறும். ராஜ்யம் போனாலும் கம்பி போகவில்லை.

உண்மையான ஆப்கானியர் கையால் சாப்பிட வேண்டுமானால் தில்லி லஜ்பத் நகருக்குப் போக வேண்டும். 1979-ல் ருஷ்யப் படை நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு கலகத்துக்கும் ஒரு கூட்டமாக அங்கே வந்து குடியேறியிருக்கிறார்கள். பிறகு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், படிக்க வருகிறவர்கள். அவர்களுக்காகக் கடைகள் வந்தன. பலகைகள் பாரசீக எழுத்தில். முழ நீளத்துக்கு ரொட்டி, அதன் முதுகில் விரலால் இழுத்த வரிகள். தட்டில் கபாப், பக்கத்தில் பச்சை வெங்காயம். காரட்டும் உலர்ந்த திராட்சையும் தூவிய காபூலிப் புலாவுக்கு அடியில் கறியை ஒளித்து வைத்திருப்பார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் மறுபடி தாலிபான் வசமானபோது, ஊருக்குப் போயிருந்த ஆப்கானியரின் விஸாக்களை நம் சர்க்கார் ரத்துச் செய்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுப் போன பிள்ளைகள் பலர் திரும்ப முடியாமல் நின்றார்கள். பந்தோபஸ்துக்காக என்றார்கள்; இருக்கலாம். அந்த வருஷமும் ஆப்கானிச் சிக்கன் எந்த ஊர்ப் பலகையிலிருந்தும் அழிக்கப்படவில்லை.

சைவ வாசகர்கள் இதுவரை மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்திருப்பார்கள். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் ரசத்தில் விழும் பெருங்காயம் ஆப்கானிஸ்தானம், ஈரான் பக்கத்து வறண்ட மலைகளில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடிகிற பால். செடி நாலைந்து வருஷம் வளர வேண்டும். பிறகு வேரைச் சீவிவிட்டு, கசிந்து உறைந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். இங்கே வந்ததும் மாவும் பிசினும் கலந்து டப்பியில் அடைக்கிறோம். வருஷத்துக்குச் சுமார் 1,200 டன் மூலச்சரக்கு இறக்குமதியாகிறது என்று விஞ்ஞானத் துறையார் கணக்குச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, 2020 அக்டோபரில் இமயமலையில் லாஹுல் பள்ளத்தாக்கில் முதல் நாற்றை நட்டார்கள். அதுவரை, மடிசார் கட்டிய மாமி வீட்டுச் சாம்பாருக்கும் காபூல் தேசத்து மலையே வாசனை கொடுத்துக்கொண்டிருந்தது.

லஜ்பத் நகர்க் கடையில் ரொட்டி அடுப்பருகே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரிடம் என் அரைகுறை ஹிந்தியில், “உங்கள் ஊர்ப் பெருங்காயத்தை நீங்கள் எதில் போடுவீர்கள், பாபா?” என்று கேட்டேன். பனிக்காலத்துக்காக ஆட்டுக்கறியை உலர்த்தும்போது உப்போடு சேர்த்துத் தேய்ப்போம், மற்றபடி அதிகம் தொடுவதில்லை என்றார். “நீங்கள்?”

“பருப்பில் போடுவோம்.”

“எப்போது, குளிர்காலத்திலா?”

“தினமும்.”

அவர் அடுப்புக்காரனிடம் தம் பாஷையில் ஏதோ சொன்னார். இருவரும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு அடுப்புக்காரன் எழுந்து, கேட்காமலே இன்னொரு ரொட்டி கொண்டுவந்து போட்டான்.