ஜி. என். செட்டி சாலையும் பகா எண்களும்

சென்னையில் கணிதம் என்றவுடன் நம்மவர் நினைவு திருவல்லிக்கேணிக்கும் இராமானுஜனுக்கும் போய் நின்றுவிடும். அதற்குமேல் ஓரடி நகராது. தியாகராய நகரில், பட்டுப்புடவைக் கடைகளுக்கு எட்டிய தொலைவில், ஜி. என். செட்டி சாலையில் ஒரு கணிதப் பள்ளி இயங்கியதைப் பேட்டைவாசிகளே பலர் அறியார். கணித மேதையும் கர்நாடக இசையில் தோய்ந்தவருமான சி. எஸ். சேஷாத்ரி, 1989இல் ஸ்பிக் உர நிறுவனத்தின் ஆதரவில் அதைத் தொடங்கினார். பின்னாளில் சென்னை கணிதவியல் கழகம் என்று பெயர் பெற்று, 2005இல் சிறுசேரிக்குக் குடிபெயர்ந்தது அதுவே.

அப்பள்ளியில் 1993 முதல் 1995 வரை ஆய்வாளராக இருந்தவர் மணீந்திர அகர்வால். 2002 ஆகஸ்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யில், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்னும் இரு இளம் மாணவர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட முடிவு கணித உலகை உலுக்கியது. ஓர் எண் பகா எண்ணா அன்றா என்பதை ஐயத்துக்கு இடமின்றி, விரைவாக அறியும் வழி அது.

இதில் என்ன கடினம் என்று கேட்கலாம். நூறு இலக்க எண்ணொன்றைச் சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் பிரபஞ்சத்தின் வயதும் போதாது. ஃபெர்மா தந்த சோதனை விரைவானது. ஆனால் 561 போன்ற எண்கள் அதை ஏய்த்துவிடும். 561 என்பது 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆயினும் தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் பகா எண்ணைப் போலவே நடிக்கும்! மில்லர், ராபின் ஆகியோர் பெயரால் வழங்கும் சோதனையோ நிகழ்தகவை நம்புவது. பிழைக்கான வாய்ப்பு மிகச் சிறிதுதான், என்றாலும் அதை நிறுவல் என்று சொல்வதற்கில்லை.

மூவரும் கையில் எடுத்தது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ஈருறுப்பு விரிவு. ஒரு மாறியோடு ஒன்றைக் கூட்டி ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தினால் கெழுக்கள் 1, 5, 10, 10, 5, 1. இரு முனைகளை நீக்கினால் எஞ்சியவை யாவும் ஐந்தால் வகுபடும். நான்காம் அடுக்கில் 1, 4, 6, 4, 1. இங்கே 6 நான்கால் வகுபடாது. பகா எண்ணுக்கு மட்டுமே இவ்வியல்பு உண்டு. 561இன் நடிப்பு இங்கே செல்லாது. இடர் வேறு: நூறு இலக்க எண்ணுக்கு இவ்விரிவை எழுதப் பிரபஞ்சத்தின் அணுக்களைக் காட்டிலும் அதிகமான உறுப்புகள் வேண்டும். அடுக்குகளைக் குறிப்பிட்ட ஓர் எல்லையில் மடித்து மடித்து, நீண்ட புடவையைக் கையளவு ஆக்குவதுபோல், சில உறுப்புகளுக்குள் அதை அடக்கினர். அவ்வாறு மடித்த பின்னும் பகு எண் தப்பாது என்று நிறுவியதே அவர்களது சாதனை. மடிப்பது எளிது, நிறுவல்தான் அரிது.

முடிவு கான்பூருடையது, தியாகராய நகர் அதில் பங்கு கேட்க முடியாது. ஆனால் முனைவர் பட்டம் பெற்ற (1991) சில ஆண்டுகளில் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இடம் தரும் பள்ளி, இரைச்சல் மிக்க அந்தக் கடைவீதியருகே இருந்தது என்பது நகர வரலாற்றில் ஒரு வரியாவது பெறத்தக்க செய்தி. நம் சென்னை நூல்கள் திரையரங்குகளுக்குத் தரும் பக்கங்களை எண்ணினால் இந்தக் குறை விளங்கும்.

நடைமுறையில் இம்முறை மெதுவானது. மாபெரும் பகா எண்களைத் தேடுவோர் இதை நாடுவதில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண், இரண்டின் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. அவ்வகை எண்களுக்கென்றே லூக்கா, லெமர் ஆகியோர் வகுத்த தனிச்சோதனை உண்டு. கான்பூர் மூவரின் கட்டுரை 2004இல் 'அன்னல்ஸ் ஆஃப் மேதமெடிக்ஸ்' இதழில் அச்சேறியது. 2006இல் கோடல் பரிசு பெற்றது.