வால் குனிந்தது, விமானம் நிமிர்ந்தது

1871 ஆகஸ்ட் 18. பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் ஒரு பொம்மை விமானத்தைப் பறக்கவிட்டார். எடை வெறும் 16 கிராம். முறுக்கிய ரப்பர் பிரியப் பிரிய, பின்பக்க விசிறி சுழன்றது. 11 விநாடியில் சுமார் 40 மீட்டர் போய் இறங்கியது.

பறந்ததைவிட, ஆள் பிடிக்காமல் குப்புற விழாமல் போனதுதான் ஆச்சரியம். சூட்சுமம் வாலில் இருந்தது. இறக்கையோடு ஒப்பிட்டால் வாலின் முன்விளிம்பு சுமார் 8 டிகிரி கீழே சாய்ந்திருந்தது.

மூக்கு கவிழ்ந்தால் வேகம் கூடும். அப்போது காற்று வாலைக் கூடுதலாகக் கீழே அழுத்தும், மூக்கு எழும். மூக்கு மிஞ்சித் தூக்கினால் வேகம் குறையும். அழுத்தம் தளரும், மூக்கு தானே இறங்கும்.

இந்த வால் யோசனைக்கு விதை போட்டவர் யார்க்ஷயரின் ஜார்ஜ் கெய்லி. 1804-லேயே ஒரு கம்பில் காகிதப் பட்டத்தை 6 டிகிரி தூக்கிக் கட்டி, பின்னால் கோணம் மாற்றக்கூடிய வாலைப் பொருத்தியிருந்தார்.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி, சுமார் 37 மீட்டர். பெனோவின் பொம்மை போன தூரம்கூட இல்லை. ஏற்ற இறக்கச் சுக்கானை முன்னால் வைத்த அந்த விமானத்துக்குத் தானாக நிலைகொள்ளும் குணமும் கிடையாது. ஓட்டுபவர் ஓயாமல் சுக்கானைத் திருத்த வேண்டியிருந்தது.

பால்சா மரக் கிளைடர் செய்யும் பிள்ளைகள் இன்றும் திருத்துவது பெனோ வைத்த அதே வால் கோணத்தைத்தான். முதலில் மூக்கில் களிமண் ஒட்டி எடையைச் சரிசெய்ய வேண்டும். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் விரல் வைத்தால் சமமாக நிற்க வேண்டும். பிறகு மெல்ல எறிந்து பார்க்கலாம். குத்தி விழுந்தால் வாலின் பின்விளிம்புக்கு அடியில் தபால் அட்டைத் துண்டு ஒன்றைச் செருகலாம். எம்பி எம்பித் தொங்கினால் அதே துண்டை முன்விளிம்புக்கு அடியில் மாற்றலாம். ஒரு தடவைக்கு ஒரு துண்டு போதும்.

ஆனி, ஆடியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் பலத்த காற்றில் இந்த வேலை நடக்காது. எறிந்தது புரண்டால் பிழை வாலிலா காற்றிலா என்று தெரியாது. காற்று தணிந்திருக்கும் அதிகாலையே நல்லது.