மின்துளைப்பான்

மின்துளைப்பான் என்பது மின்னோடியின் ஆற்றலால் துளையலகைச் சுழற்றி, மரம், உலோகம், செங்கல், கற்காரை முதலிய பொருட்களில் துளையிட உதவும் கைக்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டிரில்லிங் மிஷின் எனவும், துளையலகு டிரில் பிட் எனவும் அழைக்கப்படுகின்றன. தச்சர்கள் வில்லாலும் கயிற்றாலும் சுழற்றிய துறப்பணத்தின் பணியையே இது மின்னாற்றலால் செய்கிறது. படம் மாட்டுதல், அலமாரித் தட்டு பொருத்துதல், திரைச்சீலைக் கம்பி அமைத்தல் போன்ற சிறு வேலைகளுக்காக இது வீடுகளிலும் பயன்படுகிறது.

வீட்டுக்கென விலை குறைந்த மின்துளைப்பானைத் தெரிவு செய்யும்போது, விலைக்கும் முன்பாக அறிய வேண்டியது துளையிடப்பட உள்ள பொருள் எது என்பதாகும். மரத்துக்கு மட்டும் வேண்டுமெனில் பெரிய கருவி வீண் செலவு; கற்காரைக்குப் போதாத கருவியோ ஒரு துளையைக்கூட முடிக்காமல் சூடேறிப் பழுதடையலாம்.

வரலாறு

1889 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னாட், வில்லியம் பிளாஞ்ச் பிரெயின் ஆகிய இருவரும் மின்துளைப்பானுக்குக் காப்புரிமை பெற்றனர். 1895 இல் செருமனியின் இசுடுட்கார்ட் நகரைச் சேர்ந்த ஃபைன் நிறுவனம் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்துளைப்பானை உருவாக்கியது. துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவத்துக்கு அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917 இல் காப்புரிமை பெற்றது. இன்றும் பெரும்பாலான கருவிகள் இவ்வடிவத்திலேயே உள்ளன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 இல், அந்நிறுவனம் இல்லப் பயனர்களுக்கெனத் துளைப்பான்களை விற்கத் தொடங்கியது. 1961 இல் மின்கலத்தால் இயங்கும் துளைப்பானையும் அது வெளியிட்டது.

அமைப்பு

மின்துளைப்பானின் முதன்மை உறுப்புகள் மின்னோடி, பற்சக்கரத் தொகுதி, கவ்வி, விசை ஆகியனவாகும். மின்னோடியின் மிகு வேகத்தைப் பற்சக்கரங்கள் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுகின்றன. சக் எனப்படும் கவ்வி துளையலகைப் பற்றிக்கொள்கிறது. வீட்டுக் கருவிகளில் 10 மில்லிமீட்டர், 13 மில்லிமீட்டர் கவ்விகள் பரவலாக உள்ளன. இவ்வெண் கவ்வி பற்றக்கூடிய அலகுத் தண்டின் மிகக் கூடிய விட்டத்தையே குறிக்கும். கற்காரையில் அந்த அளவுக்குத் துளையிட இயலும் என்பது இதன் பொருளன்று.

கம்பியுடன் கூடிய கருவிகள் பலவற்றில் கரித்தூரிகைகள் மின்னோடிக்கு மின்னோட்டத்தைக் கடத்துகின்றன. இவை தேய்ந்துவிடும் உறுப்புகள், மாற்றிக்கொள்ளத் தக்கவை. எனவே, மாற்றுத் தூரிகை உள்ளூரில் கிடைக்கும் கருவி நீண்ட நாள் உழைக்கும்.

வகைகள்

* சாதாரணத் துளைப்பான்: துளையலகைச் சுழற்றுவதை மட்டுமே செய்யும். மரம், உலோகம், நெகிழி ஆகியவற்றுக்குப் போதுமானது.
* சுத்தியல் துளைப்பான்: ஹேமர் டிரில், இம்பாக்ட் டிரில் என்ற பெயர்களில் விற்கப்படுகிறது. பற்களுடைய இரு தட்டுகள் ஒன்றன் மீது ஒன்று உரசி ஏறி இறங்குவதால், சுழற்சியுடன் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சிறு தட்டல்கள் உண்டாகின்றன. தட்டலின் வலிமை பயனர் அழுத்தும் அளவைப் பொறுத்தது. செங்கற்சுவருக்கு ஏற்றது, கற்காரையில் சிறு துளைகளை மெதுவாக இடும்.
* சுழல் சுத்தியல்: ரோட்டரி ஹேமர் எனப்படுகிறது. உள்ளே உள்ள உந்துதண்டு காற்றை அழுத்தி அடியை உண்டாக்குகிறது. அடிகளின் எண்ணிக்கை குறைவு. ஒவ்வோர் அடியின் ஆற்றல் மிகுதி. ஆகவே கற்காரையில் எளிதாகத் துளையிடும். எடையும் விலையும் பொதுவாகக் கூடுதல். இதற்கெனத் தனித்த தண்டமைப்புக் கொண்ட துளையலகுகள் வேண்டும்.
* மின்கலத் துளைப்பான்: கம்பி இல்லாதது. திருகாணி முடுக்கவும் உதவும். நீண்ட நாள் பயன்படுத்தாமல் இருப்பின் மின்கல அடுக்கு நலிவடையக்கூடும்.

சுவரும் தெரிவும்

இந்தியாவில் இன்று கட்டப்படும் பல வீடுகளில் ஒரே அறையிலேயே இருவகைப் பொருட்கள் உள்ளன. சுவரின் நிரப்புப் பகுதி செங்கல்லாகவோ கட்டைக்கல்லாகவோ இருக்கும். தூண், உத்தரம், கூரை, கதவு சன்னல்களுக்கு மேலுள்ள லிண்டல் ஆகியன கம்பி இட்ட கற்காரையாக இருக்கும். திரைச்சீலைக் கம்பி பொருத்தும் இடம் பெரும்பாலும் லிண்டலிலேயே அமைகிறது. செங்கல்லில் எளிதாகத் துளையிட்ட கருவி சன்னலின் மேல் தடுமாறுவதற்கு இதுவே காரணம். கருவியின் பழுது என்று கொள்ள வேண்டியதில்லை.

சுவரின் தன்மையை அறிய, சிறு அலகால் ஒரு துளை இட்டுப் பார்க்கலாம். மேற்பூச்சைக் கடந்தபின் செந்நிறத் தூள் வருமாயின் அது செங்கல். சாம்பல் நிறத் தூளும் கடும் எதிர்ப்பும் இருப்பின் அது பெரும்பாலும் கற்காரை.

இதன் அடிப்படையில் தெரிவைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

* மரவேலை மட்டும் எனில், 10 மில்லிமீட்டர் கவ்வியுடைய சாதாரணத் துளைப்பான் போதும்.
* செங்கற்சுவரும் ஓரிரு கற்காரைத் துளைகளும் எனில், 13 மில்லிமீட்டர் கவ்வியும் 500 முதல் 700 வாட்டு வரையான உள்ளீட்டுத் திறனும் கொண்ட சுத்தியல் துளைப்பான் பொருந்தும்.
* கூரையிலும் உத்தரத்திலும் பல துளைகள் வேண்டுமெனில், சுழல் சுத்தியலே தக்கது. ஒரே முறை தேவைப்படுவோர் அதை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது சிக்கனம்.

பெயர்த்தகட்டை வாசித்தல்

வாட்டு எண் கருவி மின்வழங்கலிலிருந்து பெறும் திறனைக் குறிக்கிறது. துளையலகுக்குச் சென்றடையும் திறன் அதனினும் குறைவு. வேகத்தை மாற்றும் விசை மிகவும் பயனுள்ளது. மென்னெஃகில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் எனக் கொண்டால், 10 மில்லிமீட்டர் அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்றுகளும், 5 மில்லிமீட்டர் அலகு ஏறத்தாழ 1600 சுற்றுகளும் சுழல வேண்டும். ஒரே வேகத்தில் சுழலும் கருவி பெரிய அலகுகளைச் சூடேற்றி முனை மழுங்கச் செய்யும்.

மின்கலக் கருவிகளில் 18 வோல்ட்டு, 20 வோல்ட்டு உச்சம் என்ற இரு குறியீடுகளும் பொதுவாக ஒரே அமைப்பையே குறிக்கின்றன. 3.6 வோல்ட்டு இலித்தியம் அயனி மின்கலங்கள் ஐந்து தொடராக இணைந்தால் 18 வோல்ட்டு கிடைக்கும்; முழு மின்னேற்றத்தில் அது 20 வோல்ட்டை எட்டும். ஐந்து மின்கலங்களே உள்ள கருவியின் மேல் 48 என்று எழுதப்பட்டிருப்பின், அவ்வெண் மின்னழுத்தம் ஆகாது.

துளையலகுகள்

கருவியின் பயன் துளையலகைப் பெரிதும் சார்ந்தது. உலோகத்துக்கு உயர்வேக எஃகு அலகும், மரத்துக்கு நடுமுனை கூரிய அலகும், சுவருக்கு டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த அலகும் பயன்படுகின்றன. மழுங்கிய அலகுடன் கூடிய விலையுயர்ந்த கருவியைவிட, நல்ல அலகுடன் கூடிய எளிய கருவி நன்கு துளையிடும். ஆகவே வாங்கும் தொகையில் ஒரு பகுதியை அலகுகளுக்கென ஒதுக்குதல் நன்று. உலோகத்திலும் மரத்திலும் துளையிடும்போது சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

பாதுகாப்பு

சுவருக்குள் பதிக்கப்பட்ட மின்கம்பிகளே பெரும் இடர் ஆகும். மின்விசைப் பெட்டிக்கு நேர் மேலும், நேர் கீழும், அதன் இரு பக்கங்களிலும் துளையிடுவதைத் தவிர்க்க வேண்டும். துளையலகு மின்கம்பியைத் தொட்டால் கருவியின் வெளியுலோகப் பகுதியில் மின்சாரம் பாயக்கூடும் என்பதால், காப்பிடப்பட்ட பிடிகளை மட்டுமே பற்ற வேண்டும். உறுதியாகத் தெரியாத இடத்தில், அப்பகுதியின் மின்னிணைப்பை முதன்மை விசையில் நிறுத்திவிட்டு, மின்கலக் கருவியால் துளையிடுதல் பாதுகாப்பானது. சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி, கருவிக்கு இரட்டைக் காப்பு உள்ளதைக் காட்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பைப் பயன்படுத்துவது கூடுதல் பாதுகாப்புத் தரும்.

அலகு சிக்கிக்கொண்டால் கருவி சட்டெனத் திரும்பி மணிக்கட்டைக் காயப்படுத்தும். பக்கப்பிடியைப் பொருத்திக்கொள்வது இதற்காகவே. கற்காரையினுள் கம்பி தட்டுப்பட்டால் அதை அறுக்காமல் துளையை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், ஏனெனில் கட்டடத்தின் சுமையைத் தாங்குவதில் அக்கம்பிக்குப் பங்குண்டு. சுவர்த்தூளில் உள்ள நுண்ணிய சிலிக்கா நுரையீரலுக்குத் தீங்கானது. கண்காப்பும் தகுந்த முகமூடியும் அணிய வேண்டும். முந்தானை, துண்டு, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த கையுறை ஆகியன சுழலும் கவ்வியில் சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அலகை மாற்றும் முன் மின்செருகியைக் கழற்றுவது இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* துறப்பணம்
* மின்னோடி
* கற்காரை
* திருகாணி