அப்பல்லோ விண்கலப் பெயர்கள்

நாசாவின் நிலவுத் திட்டத்தில் 1969 முதல் 1972 வரை பறந்த கலங்களுக்கு, அவற்றில் சென்ற விண்வெளி வீரர்கள் சூட்டிய அழைப்புப் பெயர்கள்.

கலங்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம், நாசாவின் முந்தைய மெர்குரி திட்டத்தில் தொடங்கியது. 1961இல் விண்வெளி வீரர் கஸ் கிரிசமின் கலமான ‘லிபர்ட்டி பெல் 7’ கடலில் இறங்கியபின் மூழ்கிப்போனது. அந்த வடு ஆறாத கிரிசம், 1965இல் அடுத்த திட்டத்தின் கலமான ஜெமினி 3க்கு ‘மோலி பிரவுன்’ என்று பெயரிட்டார். டைட்டானிக் விபத்தில் தப்பியதால் ‘மூழ்காதவள்’ எனப் பேர்பெற்று, பிராட்வே இசைநாடகமொன்றின் நாயகியும் ஆன பெண் அவர். மேலதிகாரிகள் முகம் சுளித்தனர். வேறு பெயர் கேட்டபோது ‘டைட்டானிக்’ என்றார் கிரிசம். முதல் பெயரே நிலைத்தது. அதன்பின் ஜெமினி கலங்களுக்குப் பெயரிடுவதையே நாசா நிறுத்திவிட்டது.

பெயர்களை மீட்டது கற்பனை அல்ல, வானொலி. 1969 மார்ச்சில் அப்பல்லோ 9இன் கட்டளைக்கலமும் நிலவில் இறங்குவதற்கான கலமும் தனித்தனியே பறந்தன. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் குழப்பம்தான். மிட்டாய் போன்ற உருவத்தால் ஒன்று ‘கம்டிராப்’, நீண்ட கால்களால் மற்றது ‘ஸ்பைடர்’. அப்பல்லோ 10 இன்னும் துணிந்து, பீனட்ஸ் சித்திரக்கதையின் ‘சார்லி பிரவுன்’, ‘ஸ்னூப்பி’ பெயர்களை எடுத்துக்கொண்டது.

மனிதர் நிலவில் கால்வைக்கும் பயணத்துக்கு விளையாட்டுப் பெயர் பொருந்தாது என்று நாசா கருதியது. அப்பல்லோ 11 ‘கொலம்பியா’, ‘ஈகிள்’ எனக் கம்பீரமானது. குறும்பு முற்றிலும் போய்விடவில்லை: 1972இல் அப்பல்லோ 16இன் கட்டளைக்கலம், கார்ட்டூன் பேயான ‘காஸ்பர்’ பெயரில் நிலவைச் சுற்றியது.