வழி விலகிய மலையூர்

'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பது, வழிகாட்டுதலை நம் முன்னோர் எத்துணை உயர்வாக மதித்தனர் என்பதைப் புலப்படுத்தும். அவ்வைந்தனுள் மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையும் வழியிடை ஊர்களின் விருந்தோம்பலையும் விரித்துரைப்பது. வழி உள்ள இடத்தில் ஊர் தழைக்கும். வழி விலகினால் ஊர் தளரும். இவ்வுண்மைக்குப் பழனி மலைத்தொடரின் தென்சரிவில், பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே உள்ள வெள்ளகவி என்னும் சிற்றூர் ஒரு சான்று.

1821ஆம் ஆண்டு, அரசின் ஆணைப்படி இம்மலைகளை அளக்க வந்தவர் லெப்டினன்ட் பி. எஸ். வார்டு. குன்னுவர் வாழ்ந்த வெள்ளகவியையே இருப்பிடமாகக் கொண்டு, அங்கிருந்து மேலேறி இன்றைய கொடைக்கானல் பகுதியை அவர் அளந்தார். மலையில் சுமார் 4,000 மக்கள் செம்மையாக அமைந்த ஊர்களில் வாழ்வதாகவும் குறித்தார். கொடைக்கானல் என்னும் நகரம் அன்று இல்லை. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் 1845இல் முதல் வீடுகளைக் கட்டிய பின்னரே அது உருவாயிற்று. ஆகவே நகரத்தினும் மூத்தது இச்சிற்றூர்.

1875இல் அம்மையநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. கொடைக்கானல் செல்வோர் அங்கிறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்தை அடைந்து, கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோ ஏறினர். சீமாட்டியாயினும் சுமைகூலியாயினும் ஏறும் பாதை ஒன்றே. எல்லா மலையூர்களுக்கும் நடந்தே செல்ல வேண்டியிருந்த அக்காலத்தில், வெள்ளகவியை ஒதுங்கிய ஊர் என்று எவரும் கூற இயலாது.

20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில், வத்தலக்குண்டுப் பக்கமிருந்து ஏறும் லா மலைச்சாலையில் மோட்டார் வண்டிகள் ஓடலாயின. நகரத்துக்கு அது நன்மை பயந்தது; 2011 கணக்கெடுப்பின்படி கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. ஆயினும் அச்சாலை சென்ற திசை வேறு. வெள்ளகவி இருந்த இடத்திலேயே இருந்தது. தொலைவு கூடவில்லை, ஆயினும் ஊர் தொலைவாயிற்று.

21ஆம் நூற்றாண்டு பிறந்து பல்லாண்டுகள் சென்ற பின்னும் அவ்வூருக்குப் பேருந்து வரவில்லை. காப்பியும் பழங்களும் குதிரைகளின் முதுகில் இறங்கின. அரிசியும் உப்பும் அவ்வாறே ஏறின. தேர்தல் காலத்தில் வாக்குப்பதிவுக் கருவிகளும் குதிரையேறிச் சென்றன. நோயுற்றோரையும் கருவுற்ற மகளிரையும் டோலி கட்டித் தோளில் சுமந்தனர். கோயில்கள் நிறைந்த தம் ஊருக்குள் காலணி அணியாமை அம்மக்களின் மரபு. தெய்வத்தின்பொருட்டு அவர்கள் வெறுங்காலுடன் நடப்பது பத்திமை. மருத்துவத்தின்பொருட்டு மலையிறங்கி நடப்பதை அப்பெயரால் போற்றலாகாது.

2000ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் தொடங்கப்பட்ட பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேரும் மலை மாநிலங்கள், பழங்குடிப் பகுதிகள் போன்றவற்றில் 250 பேரும் உள்ள குடியிருப்புகளைச் சாலைக்குரியனவாக வகுத்தது. இலட்சக்கணக்கான ஊர்களைக் கொண்ட நாட்டில் ஏதேனும் ஓர் எல்லை வேண்டியதே. எனினும் அவ்வெல்லைக்குள் ஒரு முரண் உண்டு. சாலையின்மையால் இளையோர் கல்விக்கும் பிழைப்புக்கும் வெளியேறுவர், தலைக்கணக்கு குறையும், குறைந்த கணக்கே சாலை மறுப்பதற்குக் காரணமாகும். காரணமும் விளைவும் இங்ஙனம் இடம் மாறும்போது, சிற்றூர் மெல்லத் தேயும். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் சுமார் 6,40,000 வருவாய்க் கிராமங்களுள் 40,000க்கும் மேற்பட்டவை குடியற்றவை. அவை குடியற்றுப் போனமைக்குக் காரணங்கள் பல. வழியின்மையும் அவற்றுள் ஒன்றாக இருத்தல் கூடும்.

மலையின் எழில் பாடும் கவிஞர்க்கு வெள்ளகவி ஒரு கடமையை நினைவூட்டுகிறது. பண்டைய ஆற்றுப்படை, வறுமையுற்ற கலைஞனை வள்ளலின் வாயிலுக்கு வழிப்படுத்தியது. இன்று வழி வேண்டி நிற்பது ஊரே. அதன் வாயிலுக்கு வள்ளலை, அதாவது அரசை, ஆற்றுப்படுத்தும் பாட்டு இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.