ஆட்டு மயிர் எடுக்கும் நாள் : உரோமானியப் பண்ணை காட்டும் வரலாறு

அரசர்தம் போரையும் கொடையையும் கல்வெட்டுக் கூறும்; குடிமக்கள்தம் அன்றாடத் தொழிலை அது விரித்துரைப்பது அரிது. அத்தொழில்களின் தொன்மையை அறிய விழைவார் சொல்லையும் கருவியையும் வழக்கத்தையும் ஒருங்குவைத்து ஆராய்தல் வேண்டும். உரோமானியப் பண்ணைகளில் செம்மறியாட்டின் மயிர் எடுத்த முறை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஏறத்தாழக் கி.மு. 160இல் உழவு நூல் இயற்றிய கேட்டோ, சுமார் 150 ஏக்கர்ப் பரப்புடைய ஒலிவத் தோட்டத்திற்கு 100 செம்மறிகளும் ஓர் இடையனும் வேண்டும் என்பர். மயிர் எடுத்தபின் ஆட்டிற்குச் சொறி வாராதிருக்க அவர் ஒரு பூச்சும் கூறுகின்றார். ஒலிவ எண்ணெயின் கசட்டு நீர், லூப்பின் என்னும் பயறு வெந்த நீர், திராட்சை மதுவின் மண்டி ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து உடல் முழுதும் பூசுதல் வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கடலிற் கழுவுதல் வேண்டும். கடல் அணித்தன்றாயின் உப்பு நீர் கொள்ளலாம்.

கி.மு. 37இல் வார்ரோ எழுதிய நூலில் அந்நாளின் நிகழ்ச்சிகள் இன்னும் விளங்குகின்றன. இளவேனிற் சமவிரவு நாளுக்குப் பின் ஆடு வியர்க்கத் தொடங்கும் காலமே அதற்குரியது. வானம் தெளிந்த நாளில், பகலை 12 கூறாக்கும் கணக்கில் நான்காம் கூறு முதல் பத்தாம் கூறு வரை வேலை நடைபெறும். வெயிலில் வியர்வை ஊறிய மயிர் மென்மையும் எடையும் மிகும் என்பது கருத்து. கருத்துடையோர் சிறு துணுக்கும் வீணாகாவண்ணம் ஆட்டின் கீழ்ப் பாய் விரிப்பர். கத்தரி பட்ட காயத்திற்குக் கீல் தடவுவர்.

இந்நூலில் வார்ரோ கூறும் சொல்லாராய்ச்சி ஒன்று குறிக்கத்தக்கது. எடுத்த மயிர்த் தொகுதியைக் குறிக்கும் 'வெல்லுஸ்' என்னும் இலத்தீன் சொல், பறித்தலைக் குறிக்கும் 'வெல்லெரே' என்னும் வினையின் அடியாகப் பிறந்தது என்றும், ஆதலின் கத்தரித்தலினும் பறித்தலே முற்பட்டது என்றும் அவர் முடிவு செய்கின்றார்.

இச்சொற்பிறப்பு ஐயத்திற்கு இடமானது. 'வெல்லுஸ்' கம்பளி மயிரைக் குறிக்கும் வேறொரு பழைய வேரினின்று வந்திருத்தலும் கூடும். எனினும் வார்ரோவின் முடிபு இச்சொல் ஒன்றையே சார்ந்து நிற்கவில்லை. தம் காலத்தும் பறிப்போர் உளர் என்றும், அவர் ஆடுகளை மூன்று நாள் பட்டினியிட்டு வேரின் பிடிப்பைத் தளரச் செய்வர் என்றும் அவரே உரைக்கின்றார். கி.பி. முதல் நூற்றாண்டினராகிய பிளினியும் சில இடங்களிற் பறிக்கும் வழக்கம் நிலவியதைக் குறிக்கின்றார். ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள செட்லாந்துத் தீவுகளின் ஆட்டினம் பருவத்தே தானே மயிர் உதிர்க்கும் இயல்புடையது. ஆங்குக் கையாற் பறிக்கும் முறை மிகப் பிற்காலத்தும் நிலவிற்று. சொல் ஐயுறப்படினும் வழக்கம் நிலைபெறுகின்றது.

இந்நெறி தமிழாய்வார்க்கும் பயன்படுவதாகும். பொருநராற்றுப்படை மகளிர்தம் காதிற்கு, மயிர் குறைக்கும் கருவியின் கடைப்பகுதியை உவமை கூறுகின்றது. அக்கருவி அக்காலத்தார்க்கு நன்கு பழகியது என்பது இதனாற் பெறப்படும். முல்லைநிலத்து இடையர் அதுகொண்டு ஆட்டு மயிரைக் குறைத்தனர் என்று இவ்வுவமை ஒன்றனைக்கொண்டே கூறுதல் மிகைபடக் கூறலாகும். வார்ரோவிற்குத் தம் காலத்து இடையர் வழக்கம் துணைநின்றதுபோல, ஈண்டும் பிறிதொரு சான்று துணைநிற்றல் வேண்டும். ஒரு சொல் ஆராய்ச்சிக்கு வாயிலாகலாம். அதுவே முடிபாதல் இல்லை.